பென்சிலில் இருந்த பெயர்

எந்தப் புகைப்படத்தைக் கையில் கொடுத்தாலும் அவர் முதலில் அதை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் எக்ஸ்ரே எடுத்த பழக்கம். படத்தின் நடுவில் நிற்பவர்கள் மீது அவர் கண் தங்காது. ஓரங்களுக்குத்தான் போகும். என் மகன் பட்டம் வாங்கிய படத்தைப் பெருமையாகக் காட்டியபோதும் அப்படித்தான் செய்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "பின்னால நாற்காலி தூக்கிட்டுப் போறாரே, இவரு யாரு மாஸ்டர்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மகனைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

அவர் ஜாஸ் இசை விமர்சகர். மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து எங்கள் குளுவாங்கில் இப்படிச் சொன்னால் இன்னமும் சிரிப்பார்கள். எங்கள் தாமான் குடியிருப்பின் வரிசை வீடுகளில் பாதிப் பேர் அவர் பழைய ரேடியோ பழுது பார்ப்பவர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதிலும் இரண்டு பேர் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒன்றை அவர் சரி செய்தும் கொடுத்தார்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் அவர் பத்தி வரும். புதிதாக வந்த இசைத்தட்டுகள், ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் ஹோட்டல்களில் வாசிக்கும் குழுக்கள், இவை பற்றி எழுதுவார். அது வெளியில் தெரிந்த வேலை. உள்ளே இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. யுத்தத்துக்கு முன்னும் பின்னும் இந்த மாநிலத்தின் கிளப்புகளிலும் நடன மண்டபங்களிலும் ஜாஸ் வாசித்தவர்கள் யார் யார் என்ற கணக்கை அவர் சேர்த்துக்கொண்டிருந்தார். பிலிப்பினோக்கள், யுரேஷியர்கள், கோவாக்காரர்கள், சீனர்கள், மலாய்க்காரர்கள், நம்மவர்கள் எல்லோரும் அதில் உண்டு. வெள்ளைக்காரத் துரைமார்கள் ஆடினார்கள், இவர்கள் வாசித்தார்கள். ஆடியவர்களின் பெயர்கள் இன்றும் சில கிளப் சுவர்களில் தங்க எழுத்தில் இருக்கின்றன. வாசித்தவர்கள் சமையல்கட்டு வழியாக உள்ளே போய் அதே வழியாக வெளியே வந்தவர்கள்.

"முன்னால நிக்கிறவன் பேரு தட்டு மேலயே அச்சடிச்சிருக்கும் மாஸ்டர். அவனுக்கு நான் எதுக்கு? பின்னால உக்காந்திருக்கிறவனுக்குத்தான் ஆளு இல்ல" என்பார்.

அவருடைய முறை எளிமையானது, ஆனால் பிடிவாதமானது. ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் ஒரு அட்டை. பழைய எக்ஸ்ரே உறைகளை வெட்டிச் செய்த அட்டைகள். பெயர், வாத்தியம், தொழில், எந்தக் குழு, சொன்னவர்கள். ஒருவர் மட்டும் சொன்னால் பெயரைப் பென்சிலில் எழுதுவார். இன்னொருவரும் அதையே சொன்னால் அதே பெயரின் மேல் பேனாவால் எழுதுவார். பேனாவில் இருப்பதுதான் அவர் எழுதிக்கொண்டிருந்த புத்தகத்துக்குப் போகும். "ரெண்டு வாய் வேணும்" என்பதுதான் அவர் வேதம். இந்த வேதம் வீட்டுக்குள்ளும் வரும். குழம்பில் உப்பு இல்லை என்று அவரே சொல்லிவிட்டு, "மாஸ்டர், நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீங்களா?" என்று என்னைப் பார்ப்பார். நான் அவர் மனைவியை, அண்ணியைப் பார்ப்பேன். அண்ணி கரண்டியோடு நிற்பார். நான் உப்பு சரியாக இருக்கிறது என்பேன். "அப்ப பென்சில்தான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுவார்.

ஒரு தடவை அவரிடம் கேட்டேன், ஜாஸ் கேட்கும் பழக்கம் எப்படி வந்தது, யார் சொல்லிக்கொடுத்தது என்று. அதை அவர் சொல்ல மறுத்துவிட்டார். பார்த்த ஆட்கள் யாரும் இப்போது இல்லையாம். தான் ஒருத்தன் மட்டும் சொல்வதை எப்படி நம்புவது என்றார். "நாளைக்கு நீங்க என்னைப் பத்தி எழுதினாலும் அது ஒரு வாய்தான். பேரு போட்டுராதீங்க" என்றார். விளையாட்டாகச் சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனாலும் அவர் பெயரை நான் இங்கே போடவில்லை.

நான் பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அவரைவிட ஆறு வயது இளையவன். அவரை அண்ணே என்று கூப்பிடுவேன். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் வீட்டுக்குப் போவேன். அவர் எழுதியதை வாசித்து ஆங்கிலத்தைத் திருத்துவது என் வேலை. நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் இரண்டு, மேசையில் இருக்கும். அவர் எழுத்தில் பிழை அதிகம் இருக்காது. காற்புள்ளிகளைத்தான் பல இடங்களில் போடாமல் விட்டுவிடுவார். நான் போடப் போட, "அங்க மூச்சு விடணுமா மாஸ்டர்?" என்று வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு ஒத்துக்கொள்வார். இருபது வருஷத்துக்கு மேல் இது நடந்தது.

அவருக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. பாடினால் அண்ணி ரேடியோவைச் சத்தமாக வைப்பார். முருகன் கோயில் பஜனையில் எல்லோரும் ஒரு இடத்தில் கை தட்டினால் இவர் அதற்கு அடுத்த இடத்தில் தட்டுவார். ஜாஸில் அங்கேதான் அடி விழுமாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் குழம்பிப்போய் ஒருவர் பின் ஒருவராக நிறுத்திவிடுவார்கள். கோயில் கமிட்டியில் அண்ணியிடம் மெதுவாகச் சொல்லி அனுப்பினார்கள். அதன் பிறகு அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். கால் கட்டைவிரல் மட்டும் அசையும்.

விமர்சனத்தில் இரக்கம் பார்க்க மாட்டார். ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலில் ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்தின்போது ஒரு குழு வாசித்தது. சாக்ஸபோன் வாசித்த இளைஞருக்குப் பலத்த கைதட்டல். இவர் எழுதினார்: "நன்றாக வாசிக்கிறார். தனக்குப் பின்னால் ஒருவர் டிரம்ஸ் வாசிக்கிறார் என்பதை அவருக்கு யாராவது சொல்ல வேண்டும்." குழுவின் தலைவர் போன் செய்து கத்தினார். இவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, டிரம்ஸ் வாசித்தவரின் முழுப்பெயர் என்ன, எப்படி எழுதுவது என்று கேட்டார். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

ஊரில் பெரிய குத்தகைக்காரர் ஒருவர் தன் தாத்தாதான் பெயர் போன ஒரு குழுவின் முதல் பியானோக்காரர் என்றும், புத்தகத்தில் அதைப் போட வேண்டும் என்றும், அச்சுச் செலவைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். இவர் ஒன்பது மாதம் தேடினார். இரண்டாவது வாய் கிடைக்கவில்லை. பென்சிலோடு நிறுத்திவிட்டார். புத்தகம் இரண்டு வருஷம் தள்ளிப்போயிற்று. எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது, சொல்லவும் செய்தேன். "ஒருத்தரைச் சும்மா உள்ள விட்டா, நெசமா இருந்த இன்னொருத்தரு வெளிய போயிருவாரு மாஸ்டர். பியானோவுக்கு ஒரு நாற்காலிதான்" என்றார்.

இவ்வளவும் சொல்லிக்கொண்டே வருவதற்குக் காரணம், இனிமேல் சொல்ல வேண்டியதைச் சொல்லக் கை வரவில்லை என்பதுதான். எனக்கு எழுபத்தெட்டு வயது. களைப்பாக இருக்கிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து ஊரான பத்து பாகாட்டில் பழைய சாமான் வாங்கி விற்கும் சீனர் ஒருவரிடமிருந்து அவருக்கு ஒரு கட்டுத் தட்டுகள் வந்தன. அவற்றில் ஒன்றின் மேல் கம்பெனி முத்திரை எதுவும் இல்லை. ரப்பர் தோட்டத் துரை ஒருவர் வீட்டில் வைத்திருந்த மெஷினில் தானே பதிந்த தட்டு அது. துரைமார் கிளப்பில் உள்ளூர்க் குழு ஒன்று வாசித்ததைப் பதிந்திருக்கிறார். சுதந்திரத்துக்குச் சில வருஷங்களுக்கு முன்னால் இருக்கலாம் என்று அவர் கணக்குப் போட்டார். ஒரு சனிக்கிழமை அதை எனக்குப் போட்டுக் காட்டினார்.

முதலில் தட்டின் இரைச்சல். சிரிப்பொலி. பிறகு பியானோ, டிரம்ஸ். நடுவில் ஒரு கிளாரினெட் தனியாக எழுந்தது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் அந்தக் கிளாரினெட் நேராக நிற்காமல், அழுது முடித்தவள் மூச்சு விடுவதுபோல் கீழே வழுக்கி இறங்கியது.

"இந்த வளைவு அமெரிக்காவுல இருந்து வந்தது இல்ல மாஸ்டர். நான் கேட்ட எந்தத் தட்டுலயும் இது இல்ல. இந்த ஆளு இத எங்க புடிச்சாரு?" என்று கேட்டார். ஊசியை எடுத்து மறுபடி வைத்தார். மறுபடி வைத்தார்.

எனக்குத் தெரியும். நான் பிறந்து வளர்ந்த தோட்டத்து மாதா கோயிலில் பெரிய வெள்ளிக்கிழமை இயேசுவின் உடலைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகும்போது மாதாவின் ஒப்பாரியை வாசிப்பார்கள். பெண்கள் பாடுவார்கள், கிளாரினெட் அவர்களுக்குப் பின்னாலேயே போகும். அந்த ஒப்பாரியின் இறக்கம் அது. வாசித்தவர் என் அப்பா.

அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. பாதிரியார் ஒருவர் கோயில் பேண்டுக்காகக் கிளாரினெட் கற்றுக்கொடுத்தார். திருநாளுக்கும் சாவுக்கும் பேண்டு போகும். சனிக்கிழமை சாயந்திரம் துரைமார் கிளப்பிலிருந்து ஆள் வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவார்கள். எனக்குப் பதினான்கு வயதில் அப்பா இறந்துபோனார். கிளப்பில் அவர் என்ன வாசித்தார் என்பது அந்தத் தட்டைக் கேட்கும்வரை எனக்குத் தெரியாது. சாவு வீட்டில் வாசித்தது மட்டும்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "சாவு பேண்டு மவன்" என்றுதான் கூப்பிடுவார்கள். நம் ஆட்களிடம் வாத்தியம் என்று சொன்னால் அடுத்த கேள்வி எதுவாக இருக்கும் என்பது நமக்குத் தெரியும். ஞானஸ்நானம் வாங்கியும் அந்தக் கேள்வி போகவில்லை. தோட்டத்தை விட்டுப் படிக்க வந்த நாளிலிருந்து, அப்பா தோட்டத்து ஆபீஸில் கிராணியாக இருந்தார் என்று சொல்ல ஆரம்பித்தேன். குமாஸ்தாவின் மகன். சொல்லச் சொல்ல அது எனக்கே பழகிவிட்டது. என் மனைவி இறக்கும்வரை அவளுக்கும் அதுதான் தெரியும்.

அன்று அவர் கேட்டதற்கு, "தெரியலையேண்ணே" என்றேன். அது முதல் தடவை.

அவர் விடவில்லை. அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசித்த யுரேஷியர் ஒருவர் தொண்ணூறு வயதில் பெக்கான் நானாஸில் பேத்தி வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டார். இப்படிப்பட்ட பயணங்களுக்கு எப்போதும் என் காரில்தான் போவார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அந்த வாரம் எனக்கு என் மகளின் கல்யாணப் பேச்சு. அதனால் அவர் தனியாக இரண்டு பஸ் மாறிப் போனார். வரும்போது ஒரு படம் கொண்டுவந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பத்து பாகாட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து என் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா எங்கள் பூர்வீகத்தை ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டிருந்தார். எந்தத் தோட்டம், அதற்கு முன் இந்தியாவில் எந்த ஊர், எந்தப் பக்கம். கிராணி குடும்பம் என்று கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. அப்போது கேட்டைத் திறந்துகொண்டு அண்ணன் உள்ளே வந்தார். அன்றைக்குத்தான் விருந்தாளிகள் வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. கையில் உறை. எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேரே ஜன்னலுக்குப் போய்ப் படத்தைத் தூக்கிப் பிடித்தார்.

ஆறு பேர். வெள்ளைக் கோட்டு. ஓரத்தில் நின்றவருக்குக் கோட்டுக் கை மணிக்கட்டுக்கு மேலேயே முடிந்திருந்தது. இரவல் கோட்டு.

"ஓரத்துல பாருங்க மாஸ்டர். கிளாரினெட்டோட பாரம் வலது கட்டைவிரல்லதான் நிக்கும். இவரு அந்த விரல்ல துணி சுத்தியிருக்காரு. மரம் வெட்டுற கத்தி புடிச்சிப் புடிச்சிப் புண்ணான விரல்ன்னு டிரம்மர் சொல்றாரு. ஒரு பேரும் சொல்றாரு, நீங்க பொறந்த தோட்டத்துப் பேரையும் சொல்றாரு." குரலைத் தாழ்த்தினார், ஆனால் அது சின்னக் கூடம். "இது உங்க அப்பாவா?"

அந்தத் துணியை நான் பார்த்தேன். அம்மாவின் பழைய சேலையில் கிழித்தது. தினம் மாலை அம்மா அதை அவிழ்த்து மஞ்சள் வைத்துக் கட்டுவார்.

"யாரு, பேண்டு வாசிக்கிறவங்களா?" என்று மாப்பிள்ளையின் அப்பா தலையை நீட்டினார்.

நான் சொன்னேன்: "இல்லண்ணே. எங்கப்பா கிராணி. இவரு யாருன்னு எனக்குத் தெரியாது."

அவர் படத்தை இறக்கினார். என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்திருந்தவர்களை, மேசையிலிருந்த தாம்பாளத்தை, வெற்றிலையை எல்லாம் ஒருமுறை பார்த்தார். ஓரங்களைப் பார்ப்பவர் அல்லவா? "சரி மாஸ்டர். தெரியலன்னா தெரியலன்னுதான் போடணும்" என்றார். படத்தை உறையில் வைத்தார். என் மகள் கொடுத்த கேசரியை நின்றபடியே சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லி, போய்விட்டார்.

அந்த நிமிஷத்துப் பொய்யை யாராவது மன்னிக்கலாம். மகள் கல்யாணம், எதிரில் சம்பந்தி, ஒரு தகப்பன் வேறு என்ன செய்வான் என்று சொல்லலாம். அதற்காக நான் இதை எழுதவில்லை. அவர்கள் பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டுப் போனார்கள். அண்ணன் வீடு என் வீட்டிலிருந்து நாலாவது வீடு. அன்று சாயந்திரம் நான் நடந்து போய், "அண்ணே, அது அப்பாதான்" என்று சொல்லியிருக்கலாம். போகவில்லை. கல்யாணம் முடியட்டும் என்று நினைத்தேன். கல்யாணம் முடிந்தது. அடுத்த சனிக்கிழமை போனேன். நாசி லெமாக் இருந்தது. அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான்.

அடுத்த வருஷம் டிரம்மர் இறந்தார். குழுவில் மற்றவர்கள் ஏற்கெனவே இல்லை.

புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முன் அதன் பக்கங்களை நான்தான் பிழை பார்த்தேன். அந்தத் தட்டைப் பற்றிய அத்தியாயத்தில் வாத்தியக்காரர்களின் பட்டியல் இருந்தது. பியானோ இன்னார். டிரம்ஸ் இன்னார். டிரம்பெட் இன்னார். கிளாரினெட், தெரியவில்லை. அதற்குக் கீழே அந்த வளைவைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார். சீன நாடக இசையிலிருந்து வந்திருக்குமா, மலாய்ப் பாட்டிலிருந்தா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ஒவ்வொன்றையும் தானே தள்ளிவிட்டு, கடைசியில், இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் எங்காவது இருக்கலாம் என்று முடித்திருந்தார். நான் சிவப்புப் பேனாவோடு அதை வாசித்தேன். தெரியவில்லை என்ற வார்த்தைக்கு முன்னால் ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தது. அதைப் போட்டேன்.

புத்தகத்தை அதிகம் பேர் வாங்கவில்லை. வாசித்தவர்கள் நல்லதாகச் சொன்னார்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் அந்தக் கிளாரினெட்டைப் பற்றித் தனியாகக் கடிதம் எழுதினார். அண்ணன் கடிதத்தை என்னிடம் கொடுத்து, பதிலைத் திருத்தித் தரச் சொன்னார். பதிலிலும் தெரியவில்லை என்றுதான் இருந்தது. இப்படிப் பதினோரு வருஷம் போயிற்று. மாப்பிள்ளையின் அப்பாவும் இறந்துவிட்டார். யாருக்குப் பயந்தேனோ அவர் போய்ச் சேர்ந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. அப்போது நான் பயந்தது வேறு ஒன்றுக்கு. இத்தனை சனிக்கிழமைகள் அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். அதை எப்படிச் சொல்வது?

போன வருஷம் அவருக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. தன்னுடைய எக்ஸ்ரே படத்தைத் தானே ஜன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா எடுத்திருக்கான். யாரு எடுத்ததுன்னு பேரு இல்ல" என்றார். வீட்டுக்கு வந்த பிறகு கட்டிலில் சாய்ந்தபடிதான் இருப்பார். கடைசியாக நான் போன சனிக்கிழமை அந்தத் தட்டைப் போடச் சொன்னார். கையால் சைகை காட்டினார், நான் ஊசியை வைத்தேன். அப்பா ஒரு நிமிஷம் வாசித்துவிட்டுப் போனார். அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேசையில் என் கைக்குப் பக்கத்தில் ஏதோ அட்டை கிடந்தது. அவர் மேசையில் அட்டை கிடப்பது புதிதல்ல.

"நல்லா இருக்குண்ணே" என்றேன்.

"நல்லா இருக்குன்னு சொல்ல ஒரு வாய் போதும் மாஸ்டர்" என்றார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். மூச்சு வாங்கியதில் சரியாகத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை இறந்துபோனார்.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு அண்ணி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அட்டைப் பெட்டிகளை ஒரு நூலகத்துக்குக் கொடுக்கப் போவதாகவும், அதற்கு முன் நான் பார்த்து அடுக்கித் தர வேண்டும் என்றும் சொன்னார். நான்கு பெட்டிகள். உட்கார்ந்து பார்த்தேன். எல்லாப் பெயர்களும் மையில்தான் இருந்தன. பென்சில் அட்டைகளைத் தனியாக ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தார். அதில் முதல் அட்டையை எடுத்தேன்.

கிளாரினெட். பெயர் பென்சிலில். ஒரு தடவை எழுதியதாகத் தெரியவில்லை. மங்க மங்க மறுபடி மறுபடி அதே கோடுகளின் மேல் பென்சில் ஓட்டியிருக்கிறார். அட்டை அந்த இடத்தில் பள்ளமாக இருந்தது. தொழில் என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தார். சொன்னவர்கள் என்ற இடத்தில் டிரம்மரின் பெயர், அதற்குக் கீழே ஒரு வரி இடம். அட்டையின் அடியில், என் வீட்டில் கேசரி சாப்பிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதி போட்டு, ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தார். தமிழில் இப்படி வரும்: மகன் இருக்கிறார். காத்திருக்கலாம்.

அண்ணி காப்பியோடு வந்தவர், என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"அதுவா தம்பி? நீங்க வர்ற அன்னிக்கெல்லாம் அத எடுத்து மேசையில வைப்பாரு. பேனாவும் வைப்பாரு. நீங்க போனதும் திரும்ப உள்ள வச்சிருவாரு. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டாரு. உங்களுக்குத் தெரியும்ன்னு நெனச்சேன்."

நான் காப்பியைக் குடிக்காமல் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தப் பொய்யைச் சொன்னது மகளை முன்னிட்டு. அதனால் முதலில் அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஜொகூர் பாருவுக்குப் போன் செய்தேன். அவள் ஆபீஸில் இருந்தாள். தாத்தா கிராணி இல்லை, மரம் வெட்டினார், பேண்டில் வாசித்தார், சாவு வீட்டிலும் வாசித்தார், நான்தான் மறைத்தேன் என்று எல்லாவற்றையும் நிறுத்தாமல் சொன்னேன். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "தாத்தா வாசிச்சது எதுலயாவது இருக்காப்பா? கேக்கலாமா?" என்றாள். இருக்கிறது என்றேன். எவ்வளவு நேரம் வரும் என்று கேட்டாள். ஒரு நிமிஷம் என்றேன். அங்கிளுக்குத் தெரியுமா என்று கேட்டாள். பென்சிலில் எழுதிய அந்த அட்டையைப் பற்றிச் சொன்னேன். அவள் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அண்ணி வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை இல்லை. அண்ணியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். நான் முடித்ததும், "நீங்க சொல்லியிருந்தா ரொம்பச் சந்தோசப்பட்டிருப்பாரு" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. பிறகு எழுந்து போய் அவருடைய பேனாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

பேனாவை எடுத்தேன். பென்சில் கோட்டின் மேலேயே மெதுவாகப் போனேன். பள்ளம் இருந்ததால் பேனா தானாகவே வழி கண்டுபிடித்துப் போனது. அ. சவரிமுத்து. தொழில் என்ற இடத்தில் பால்மரம் வெட்டுபவர் என்று எழுதினேன். சொன்னவர்கள் என்ற இடத்தில் டிரம்மரின் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதி, பக்கத்தில் மகன் என்று போட்டேன். அட்டையைத் திருப்பி, அந்த வளைவு எங்கள் தோட்டத்துக் கோயிலின் பெரிய வெள்ளிக்கிழமை ஒப்பாரி என்று எழுதினேன். காத்திருக்கலாம் என்பதை மட்டும் தொடவில்லை.

பெட்டியில் வைக்கப் போனேன். அண்ணி கையை நீட்டி அட்டையை வாங்கினார். ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"மை இன்னும் காயல தம்பி. கொஞ்சம் இருங்க" என்றார்.